விடுமுறை வழங்கப்பட்டது

பிரபு,

இன்று வெள்ளிக்கிழமை, காலை மணி பதினொன்று. வேலை நாளில் இந்த நேரத்துக்கு நான் வீட்டில் இருந்து எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று தடவை வீட்டைப் பெருக்கிவிட்டேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து, ஈரம் போகவில்லை என்று பார்த்து, மறுபடியும் உதறிப் போட்டேன். உன் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி, வூட்டயும் ஹோட்டலா மாத்தப் போறியா? ஒரு எடத்துல குந்து" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் உன்னோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. நீயோ மலைமேல் இருக்கிறாய், போன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன், சிக்னல் கிடைக்கும்போது பார். உன்னோடு கொடைக்கானலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நீ இதைப் படித்துக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் உன்னைப்போல அரசாங்க வேலையில் இருப்பவர்கள்தானே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ செங்கல்பட்டிலிருந்து கூப்பிட்டாய். குரலிலேயே சிரிப்பு இருந்தது. "அம்மா, எலெக்‌ஷனுக்கு கவர்மென்ட் லீவு வுட்டுட்டாங்க. வியாழக்கெழம. வெள்ளி ஒரு நாள் நான் லீவு போட்டா நாலு நாள் ஆச்சு. பசங்க கொடைக்கானல்ல ரூம் போட்டுட்டானுங்க" என்றாய். உன் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வாக்குச்சாவடிப் பணி வந்திருந்தது, புதிதாகச் சேர்ந்ததால் உன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதிலிருந்து தப்பித்துவிட்டதாகச் சொன்னாய். "அப்ப ஓட்டு?" என்று கேட்டேன். "அதான் நீயும் அப்பாவும் கீறீங்களே, எனக்கும் சேத்து போட்டுடுங்க" என்றாய். "குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்ததை நான் ஏன் விழுங்கினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்ற எண்ணம்தான் என்னை அன்றைக்குத் தடுத்தது. அந்தக் கதை உனக்குத் தெரியாது.

உங்களுக்கு விடுமுறை என்று செய்தியில் சொன்ன மறுநாளே எங்கள் ஹோட்டலில் அறைகள் நிரம்பிவிடும். தீபாவளி, பொங்கல் போலத்தான் தேர்தல் நாளும். சென்னையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்கள் மாமல்லபுரம் வந்து சேரும். அரசு ஊழியர்களுக்கு மட்டுமில்லை, எங்களைப்போல வேலை செய்கிற எல்லாருக்கும் அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்றுதான் சட்டம். ஹோட்டல் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒழுங்காக ஒட்டுவார்கள். அதன் பக்கத்திலேயே அன்றைய வேலைப் பட்டியலும் ஒட்டியிருக்கும். அதில் ஒருத்தர் பெயரும் விடுபட்டிருக்காது. தேர்தல் முடிந்ததும் ஒரு பதிவேட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவோம். 'தேர்தல் நாள் விடுமுறை வழங்கப்பட்டது' என்று அதில் எழுதியிருக்கும். வாங்குவோம் என்று ஏன் சொல்கிறேன்? வாங்கியவள் நான்தான்.

நீ எட்டாவது படித்த வருடம் என்னை அறைகள் சுத்தம் செய்யும் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இரண்டே மாதத்தில் தேர்தல் வந்தது. என் கீழே பதினான்கு பெண்கள். அவர்களில் கன்னியம்மா என்று ஒருத்தி. மதுராந்தகத்துப் பக்கம் ஒரு கிராமம். வாரம் முழுக்க ஹோட்டல் கொடுத்த கொட்டகையில் தங்கிவிட்டு விடுப்பு நாளில் மட்டும் ஊருக்குப் போய் வருவாள். அவள் தெருவில் அதே பெயரில் இன்னொரு கிழவி இறந்துபோனபோது, வாக்காளர் பட்டியலில் இவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதைத் திருத்த அவள் தன்னுடைய விடுப்பு நாட்களிலெல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாள். ஒருநாள் போய்விட்டு வந்து படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள்: "நீ உசுரோட கீறேன்னு ஒரு சர்டிபிகேட்டு வாங்கினு வான்றான்கா அந்த ஆளு. அவன் எதுர்லதான் நின்னுகினு கீறேன். என்ன நிமிந்துகூட பாக்கல." நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரமும் போனாள். ஆறாவது தடவை பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் தேர்தல் அது.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "எல்லா ரூமும் புக் ஆயிடுச்சு. யாரும் லீவு கேக்கக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க ஷிப்ட் முடிஞ்சு போய்ப் போட்டுக்கட்டும்" என்றார். ஷிப்ட் முடிவதும் வாக்குப்பதிவு முடிவதும் ஒரே நேரம், மாலை ஆறு மணி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி சார்" என்றேன். அந்த 'சரி'யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. புதுச் சேலையும் மார்பில் பெயர் எழுதிய அட்டையும் கொடுத்திருந்தார்களே, அதை யாரும் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அன்றைக்குக் காலையில் கன்னியம்மா யாரோடும் பேசாமல் ஓட்டமாக ஓடி வேலை செய்தாள். மாடியில் ஓர் அறையில் ஏதோ அலுவலகத்து அதிகாரி, மனைவி குழந்தைகளோடு தங்கியிருந்தார். கூடுதல் துண்டு கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோனோம். அவர் கையை நீட்டி வாங்கியபோது கன்னியம்மா மை இல்லாத விரலைப் பார்த்துவிட்டு, "ஓட்டு போடலயா சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "வருஷம் பூரா வேலதானம்மா. லீவு வுட்டதே கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கத்தான்" என்று சிரித்தார். நல்ல மனிதர், நூறு ரூபாய் கொடுக்க வந்தார். கன்னியம்மா வாங்கவில்லை. கதவு மூடியதும் நடையில் நின்று என்னைப் பார்த்தாள். "அக்கா, லீவு வுட்டவரு போடல. போடணும்னு நெனக்கறவளுக்கு லீவு இல்ல. இது இன்னா நாயம்?" என்றாள். "எனக்கு இன்னாடி தெரியும், அடுத்த ரூமுக்கு வா" என்றேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அவள் வந்து, "என் பங்கு எட்டு ரூமும் முடிச்சிட்டேன்கா. இப்ப கெளம்பினா பூத்து மூடறதுக்குள்ள போய்டுவேன். போவட்டா?" என்று கேட்டாள். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். பிரபு, ஒருவர் கையை நம் முன்னால் நீட்டி நிற்கும்போது நாம் சொல்லக்கூடிய மிக மோசமான சொல் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அவள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். துணி வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் இறங்கி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து, "கன்னியம்மா எங்க?" என்றார். "எங்கிட்ட சொல்லாம போய்ட்டா சார்" என்றேன்.

அன்று மாலை நடந்தது உனக்கு நினைவிருக்கலாம். உன் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள், தவறாமல் வாக்களிப்போம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியது. நான் போட்டிருந்தேன். பள்ளியில் கேட்டால் சொல்ல வேண்டும் என்று, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "மை காட்டுமா" என்றாய். நான் இடது கை விரலை நீட்டினேன். நீ தேய்த்துப் பார்த்துவிட்டு, "போவல, ஒரிஜினல்தான்" என்றாய். அது ஒரிஜினல் இல்லை, தம்பி. சலவைக்குப் போகும் துணிகளுக்கு எண் போடுவதற்கு எங்களிடம் ஒரு மார்க்கர் இருக்கும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் குளியலறையில் நின்று அதைக்கொண்டு நகத்தின்மேல் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். நீ கேட்பாய் என்று தெரியும். நான் வாக்குப் போடவில்லை. அதற்கு முந்தைய தேர்தலிலும் போடவில்லை, பிந்தையவற்றிலும் போடவில்லை. உனக்கு ஓட்டுரிமை வந்த வருடம், 'முதல் ஓட்டு' என்று படம் எடுத்து எனக்கு அனுப்பினாயே, அப்போது நான் ஹோட்டல் மொட்டை மாடியில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கன்னியம்மா முதல் பேருந்தில் வந்துவிட்டாள். கேட்டை மூடும் நேரத்துக்குப் போய் வரிசையில் கடைசி ஆளாக நின்று டோக்கன் வாங்கிப் போட்டாளாம். முகம் அப்படிப் பூரித்திருந்தது. மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார், என்னையும். சொல்லாமல் போனதற்கு வேலையை விட்டு எடுப்பதாகச் சொன்னார். ஒரு தாளையும் பதிவேட்டையும் நீட்டி இரண்டிலும் கையெழுத்துக் கேட்டார். கன்னியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரல் வைத்து இரண்டையும் மெதுவாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சார், இந்த நோட்டுல நேத்து எனக்கு லீவுன்னு எழுதிகீது. இந்தப் பேப்பர்ல நேத்து சொல்லாம போய்ட்டேன்னு எழுதிகீது. லீவு வுட்டிருந்தா நான் எதுக்கு சொல்லணும்? எது நெசம்?"

மேனேஜர் பதிவேட்டை மூடினார். என்னைப் பார்த்தார். கன்னியம்மாவும் என்னைப் பார்த்தாள். "அக்காகிட்ட கேட்டுட்டுதான் போனேன். கேளுங்க" என்றாள். எனக்கு அங்கே ஒரு சொல் சொன்னால் போதும். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையின் ஓடுகளில் எது உடைந்திருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வண்டியை நடையில் விட்டு விருந்தினருக்கு இடைஞ்சல் செய்ததாக வேறொரு தாள் எழுதினார். அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போகும்போது என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

உன் போன் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் மாமல்லபுரத்தில் இறங்க வேண்டியவள் ஏதோ நினைப்பில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன். போன வாரம் என் விடுப்பு நாளில், அப்பாவிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுராந்தகம் போனேன். விசாரித்து விசாரித்து அவள் ஊருக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்தில் உதவியாளாக இருக்கிறாள். பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். நான் போகும் வழியெல்லாம் யோசித்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு நான் பொய் சொன்னேன், நீ என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனாய், மன்னித்துவிடு என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி வுடுக்கா" என்பாள் என்று எதிர்பார்த்தேன். "அதுக்கு அப்பறம் உங்க ஓட்டல்ல லீவு வுடறாங்களா?" என்றாள்.

"இல்ல."

"நோட்டுல கையெழுத்து?"

"வாங்கறேன்."

"அப்ப இன்னாத்துக்குக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்றாள். குரலில் கோபமில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள். அந்தப் பள்ளியிலேயே வாக்குச்சாவடி வருகிறதாம். சாவடிக்கு வரும் அதிகாரிகளுக்குச் சமைப்பது இவள்தானாம். "லீவுன்னு பேரு, அன்னிக்குதான் எனக்கு வேல ஜாஸ்தி. ஆனா மொத ஓட்டு என்துதான். எனக்கு அப்பறந்தான் அடுப்பு" என்றாள். பேருந்து ஏறும்வரைக்கும் கூட வந்தாள். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் நான் ஒரு தாளில் பெண்கள் பெயரை இரண்டு பட்டியலாக எழுதினேன். பாதிப் பேர் காலையில் ஓட்டுப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வருவது, மீதிப் பேர் வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குக் கிளம்புவது. மேனேஜரிடம் கொண்டுபோனேன். அதே மனிதர்தான், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "இதெல்லாம் நடக்கற காரியமாம்மா? ஒரு கம்ப்ளைன்ட் வந்தா யார் பொறுப்பு?" என்றார். "நான்தான் சார்" என்றேன். "பதிவேடு?" என்றார். "இனிமே அதுல நான் கையெழுத்து வாங்க மாட்டேன். வேலைக்கு வந்தவங்க வந்தாங்கன்னுதான் எழுதுவேன்" என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதே. பின்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த வித்தை எனக்கும் தெரியும் என்பதால், போகாதே என்று சொல்லாததை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு உன் அப்பாவும் நானும் வரிசையில் நின்றோம். எத்தனையோ வருடம் கழித்துப் போனதால் எந்தக் கதவு வழியாக நுழைவது, எதைக் கையில் காட்டுவது என்று ஒன்றும் தெரியவில்லை. அப்பாதான் "பயப்படாத, பள்ளிக்கூடந்தான்" என்றார். பொத்தானை அமுக்கிவிட்டு அந்த நீளமான சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். "முடிஞ்சதும்மா, போலாம்" என்றார் அங்கிருந்த பெண். அவர் ஏதோ பள்ளியின் ஆசிரியையாக இருக்கலாம். முந்தின நாளே வந்து அங்கேயே படுத்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. விடுமுறை நாளில் அவர் அங்கே இருந்தார். நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

எட்டரை மணிக்கு ஹோட்டலுக்குப் போய்விட்டேன். இருக்கிற ஏழு பெண்களோடு நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறை அறையாகப் போனேன். முட்டி வலித்தது, ஆனால் கை மறக்கவில்லை. காலையில் போனவர்கள் சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஊரில் வரிசை நீளமாம். பன்னிரண்டு மணிக்கு மற்றவர்களை அனுப்பினேன். ஒரு மணிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு அறை தயாராக இல்லை. அந்த மனிதர் வரவேற்பில் சத்தம் போட்டார். நான் போய், "எங்க பொண்ணுங்க ஓட்டு போடப் போயிருக்காங்க சார். ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க" என்றேன். "அதுக்கு நான் ஏம்மா வெயிட் பண்ணணும்? நான் லீவுல வந்திருக்கேன்" என்றார். அவருக்கு நான் என்ன சொல்வது? உன் வயதுதான் இருக்கும். நீயும் அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு ஹோட்டல் வரவேற்பில் பையோடு நின்றுகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். அந்த ஊரிலும் ஒருத்தி உனக்காக விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் எங்கேயோ ஒரு ஓட்டு இருக்கும்.

மாலையில் எனக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஊழியர்களை வெளியே அனுப்பி விருந்தினருக்குச் சிரமம் ஏற்படுத்தியது குறித்து திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், அதுவரை பணிக்கு வர வேண்டாம். அப்போது வேலையில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட் வரைக்கும் வந்தார்கள். "நாங்களும் எழுதித் தரோம்கா" என்றார்கள். இரண்டு பேர் நிச்சயம் எழுதித் தருவார்கள். மற்றவர்கள் தரையைப் பார்க்கலாம். பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

தம்பி, கவர்மென்ட் விடுமுறை விடுவது தப்பென்று நான் சொல்லவில்லை. ஊர் சுற்றாதே என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளை எதற்காக உனக்குக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் யோசி. காலையில் ஒரு மணி நேரம் அதற்குக் கொடுத்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறியிருக்கலாம். இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். உன் மேசைக்கு முன்னால் ஒரு நாள் ஒரு கன்னியம்மா வந்து நிற்பாள். பெயர் விட்டுப்போனது, முகவரி தப்பானது என்று ஏதோ ஒரு தாளை நீட்டுவாள். அவள் எத்தனை விடுப்பு நாளைத் தின்று அங்கே வந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. அவளை நிமிர்ந்து பார். முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் அதையும் வாய் திறந்து சொல்.

நீ ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறாய். செங்கல்பட்டில் உன் அறைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வா. மார்க்கர் கதைக்காக என்மேல் கோபமிருந்தால் வந்து நேரில் கோபித்துக்கொள். திங்கட்கிழமை நான் அந்த விளக்கத்தைக் கொடுக்க வேண்டும். எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது, ஆபீஸ் கடிதம் வராது. உனக்கு அது தெரியும். நான் சொல்லச் சொல்ல நீ எழுது. அனுமதி கேட்டேன், கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் அனுப்பினேன், அடுத்த தேர்தலுக்கும் அனுப்புவேன் என்று எழுது. முடிக்கும்போது நீங்கள் எல்லாரும் வழக்கமாக ஒரு வரி போடுவீர்களே, 'நடந்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று. அந்த வரி மட்டும் வேண்டாம்.

அம்மா